பாலம் தாண்டிய சுரைக்கொடி

பாம்பன் கரையில் காற்று நின்றாலும் நிற்கும், இன்னாசியின் வாய் நிற்காது. அந்த வாய்க்கே ஒருநாள் சோதனை வந்தது.

பக்கத்து வீட்டு பிலோமினா மண்வெட்டியோடு வந்து நின்றாள். பின்னால் அவள் கொழுந்தன் சூசை, தன் ‘குட்டியானை’ சரக்கு வண்டியோடு. தோட்டத்துக்கு உரமாகும் என்று இன்னாசி பத்து நாளாகக் கரையில் பொறுக்கிக் குவித்த கடல்பாசி, தெருவே மூக்கைப் பிடிக்கும்படி நாறிக்கொண்டிருந்தது.

“அண்ணே, நாளைக்கு எம்மகளப் பொண்ணு பாக்க வர்றாக. இந்த நாத்தத்துல யாரு காப்பி குடிப்பா? இப்பவே அள்ளணும்.”

பாசி போனால் பத்து நாள் பாடும் போச்சு. மண்வெட்டியை நிறுத்த இன்னாசியிடம் பேச்சைத் தவிர வேறொன்றும் இல்லை.

“அள்ளு தங்கச்சி. ஆனா என்னத்த அள்ளுறோம்னு தெரிஞ்சுக்கிட்டு அள்ளு. போன மாசம் மொளகாச் செடிக்கு ஒரு கை பாசிதான் வச்சேன். மறுநா மொளகா பறிக்க ஏணி தேட வேண்டியதாப் போச்சு.”

“ஏணி ஆரு வீட்டுது?” என்றான் சூசை.

“ஏணி எங்கடா எட்டுச்சு? பக்கத்துல நின்ன கத்தரிச் செடியில ஏறித்தான் பறிச்சேன். அந்தக் கத்தரிக்காய் ஒண்ணக் கொடைஞ்சு கடல்ல விட்டேன். மூணு பேரு அதுல ஏறி நண்டு வலைக்குப் போயிட்டு வந்தாக.”

“காம்ப என்னண்ணே செஞ்சீக?” என்றாள் பிலோமினா.

“பாய்மரத்துக்கு ஆச்சு.”

அவள் சிரித்தாள். மண்வெட்டியை மட்டும் கீழே வைக்கவில்லை. இன்னாசி குரலை ஏற்றினார்.

“சுரைக்கு ரெண்டு கூடை வச்சேன் பாரு! கொடி வேலியத் தாண்டி, ரயில் பாலத்துல ஏறி, அக்கரையில மண்டபம் ஊருல போயித்தான் நின்னுச்சு.”

“கப்பல் போகப் பாலத்தத் தூக்குவாகளே, அப்பக் கொடி அந்து போகாதா?” என்று மடக்கினான் சூசை.

“பாலத்தத் தூக்குறதே அந்தக் கொடிதாண்டா. அவுக மிஷினுன்னு நெனச்சுக்கிட்டிருக்காக.”

பிலோமினா வேலிக்குள் எட்டிப் பார்த்தாள். முழங்கால் உயரத்தில் ஒரே ஒரு சுரைச்செடி. பாசியை நல்ல தண்ணீரில் அலசாமல் உப்போடு போட்டதில் இலையெல்லாம் ஓரம் கருகிக் கிடந்தது.

“ஒரே ஒரு காய் குடுங்கண்ணே, நாளைக்கு விருந்துக்கு ஆகும். பாசி இங்கயே கெடக்கட்டும்.”

இன்னாசி செடியைப் பார்த்தார். பிலோமினாவைப் பார்த்தார்.

“இங்க ஏது தங்கச்சி காய்? இது வெறும் தூருதானே. காய்க்கிறதெல்லாம் மண்டபத்துல.”

“அப்பச் சரி. காய்க்கிற எடத்துலதான உரம் வேணும்?” பிலோமினா முதல் மண்வெட்டிப் பாசியை வண்டியில் வீசினாள். “சூசை, வண்டிய மண்டபத்துக்கு விடுப்பா. அண்ணனையும் ஏத்திக்க. எந்தக் கொடின்னு அவுகதான காட்டணும்.”