குடிசையோடு வந்த அரிவாள்

முன்னொரு காலத்தில், ராஜாவின் கன்னத்தில் கீறல் விழுந்தால் நாட்டுக்கே கட்டுப்போடும் ஒரு தேசம் இருந்தது. அந்த ராஜாவுக்கு ஒருநாள் சவரம் செய்யும்போது கத்தி லேசாகப் பட்டுவிட்டது. ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். ஊரில் உள்ள கத்தி, அரிவாள் எல்லாம் தன்னைப் பார்த்தே பளபளப்பதாக அவருக்குத் தோன்றிவிட்டது.

அரசாணை எழுதும் அதிகாரி சிங்கத்தரையர் உடனே ஓலையை எடுத்தார். "சாணுக்கு மேல் நீளமுள்ள வெட்டுக்கருவிகளை மூன்றாம் நாள் மாலைக்குள் கோட்டை ஆயுதசாலையில் ஒப்படைக்க வேண்டும். அதுவரை வீட்டில் வைத்திருக்கலாம். வீதியில் கையில் வைத்திருப்பவர் யாராயினும் அவரது வலக்கைக் கட்டைவிரல் துண்டிக்கப்படும்."

எழுதிய மனிதர் அதை ஒருமுறை படித்துப் பார்த்திருக்கலாம். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

மறுநாளே மாட்டிக்கொண்டவள் கதிர் அறுக்கும் வெள்ளச்சி. அரிவாளை ஒப்படைக்க வந்தவளைக் கோட்டை வாசலிலேயே பிடித்துச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"ஒப்படைக்கத்தான் சாமி கொண்டாந்தேன்! கொண்டாராம எப்படி ஒப்படைக்கிறது?"

"வீதியில் கையில் வைத்திருந்தாயா, இல்லையா?" என்றார் சிங்கத்தரையர்.

கட்டைவிரல் போனால் அவள் கதிரை எப்படி அறுப்பாள்? சபையில் அத்தனை பேருக்கும் இது தெரியும். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். வெட்கம்கெட்ட சபை! விதூஷகன் இடும்பன் மட்டும் எழுந்து நின்றான்.

"மகாராஜா, இந்த ஆணைப்படி யாராலும் ஒப்படைக்க முடியாது. தாங்களே முயன்றாலும் முடியாது."

இடும்பன் வாயைத் திறந்தாலே ராஜா சிரிப்பார். சிங்கத்தரையருக்கு அதில் நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"இடும்பன் வீட்டிலும் ஓர் அரிவாள் உண்டு, அரசே. நாளை மாலைக்குள் ஆணை பிசகாமல் அவன் ஒப்படைத்துக் காட்டட்டும். காட்டினால் இவளை விட்டுவிடலாம். இல்லையேல் இருவர் கட்டைவிரலும் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மறுநாள் பொழுது சாயும் வேளை. வெளியே ஒரே கூச்சல். ராஜாவும் சபையும் வாசலுக்கு ஓடினார்கள். ராஜவீதியில் ஒரு கீற்றுக் குடிசை வந்துகொண்டிருந்தது! இருபது அறுவடைக்காரர்கள் அதைத் தோளில் சுமந்து வந்தார்கள். உள்ளே இடும்பன் கைவீசி நடந்து வந்தான். அரிவாள் கூரையில் செருகியபடி இருந்தது.

"வீதிக்கு அரிவாளைக் கொண்டுவந்துவிட்டான்! பிடியுங்கள்!" என்று கத்தினார் சிங்கத்தரையர்.

"வீதியில் இருப்பது என் வீடு, ஐயா. அரிவாள் வீட்டில் இருக்கிறது. இன்று மாலைவரை இருக்கலாம் என்று எழுதியது தாங்கள்தானே? அதை நான் கையால் தொடவும் இல்லை."

"சரி, கோட்டைக்குள் எப்படிக் கொண்டுபோவாய்?" என்றார் ராஜா.

"வீடு வாசலில் நுழையாது, மகாராஜா. வாசலை இடித்துக் கொடுங்கள். அல்லது தாங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்."

வாசலை யார் இடிப்பது? ராஜா குனிந்து குடிசைக்குள் போனார். அரிவாளை உருவிக்கொண்டு வெளியே வந்தார்.

"அப்படியே நில்லுங்கள், மகாராஜா" என்றான் இடும்பன். "தாங்கள் நிற்பது வீதி."

ராஜா அரிவாளைப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"என்னையே குற்றவாளி என்கிறாயா?"

"நான் சொல்லவில்லை. 'யாராயினும்' என்று ஓலை சொல்கிறது. வெள்ளச்சியும் ஒப்படைக்கத்தான் கொண்டுவந்தாள்; தாங்களும் ஒப்படைக்கத்தான் எடுத்துவந்தீர்கள். வெட்டினால் இரண்டு விரலையும் வெட்டச் சொல்லுங்கள். விட்டால் இரண்டையும் விடுங்கள்."

ராஜா திரும்பிச் சிங்கத்தரையரைப் பார்த்தார். அவர் குடிசைக் கூரையில் எத்தனை கீற்று என்று எண்ணிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்த சிரிப்பில் கன்னத்துக் காயம் மறுபடி திறந்து ரத்தம் கசிந்தது. இந்த முறை அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, ஓலையை வாங்கித் துண்டு துண்டாகக் கிழித்தார்.

"உனக்கு என்ன வேண்டும், இடும்பா?"

"என் அரிவாள்தான். வீட்டில் முருங்கைக்கிளை வெட்ட வேண்டியிருக்கிறது."

ராஜா அரிவாளையும் கொடுத்தார், கழுத்திலிருந்த முத்துமாலையையும் கொடுத்தார். குடிசையைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைக்கும் வேலை சிங்கத்தரையர் தோளுக்கு வந்தது.

வெள்ளச்சி தன் அரிவாளைக் கேட்டு வாங்கினாள். பத்திரமாக இருந்த கட்டைவிரலால் பிடியை இறுக்கிக்கொண்டு, காவலர்கள் பார்க்கப் பார்க்க, அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ராஜவீதியின் நட்டநடுவே நடந்து போனாள்.