மூன்று குதிர்களும் ஒரு காவிக் கோடும்

கடல் இன்னும் ஊரைவிட்டுத் தள்ளியிருந்த காலம் அது. ஆறு கடலில் சேரும் இடத்தில் ஓர் அரசன் ஆண்டான். அவன் நல்லவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அரசன் கெட்டவனா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அவன் நாட்டில் மூன்று துறைகள் இருந்தன. வடகரை, தென்கரை, இரண்டுக்கும் நடுவே திட்டு. ஆண்டுக்கு ஒரு நாள் மூன்று துறைகளின் ஓடங்களும் கழிமுகத்தில் போட்டி போடும். ஓடத்துக்குப் பன்னிரண்டு துடுப்புக்காரர்கள். ஆண்டு முழுவதும் அவர்களுக்கு அதுதான் வேலை. தை மாதம் துறைத்தலைவன் நெல் அளந்து கூலி கொடுப்பான்.

வடகரையில் முத்து வணிகம் கொழித்தது. நல்ல தோள் ஒன்று எங்கே கண்ணில் பட்டாலும் வடகரைத் தலைவன் நெல்லைக் கொட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுவான். ஒன்பது ஆண்டுகள் வடகரையே வென்றது. பத்தாம் ஆண்டு, ஓடங்கள் பாதி தூரம் வருவதற்குள் சனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அரசனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரே குயவனிடம் ஒரே அளவில், நெல் கொட்டி வைக்க மூன்று பெரிய மண் குதிர்கள் செய்யச் சொன்னான். ஒவ்வொன்றின் கழுத்திலும் காவியால் ஒரு கோடு இழுத்தான். துறைக்கு ஒன்றாகக் கொடுத்தான்.

“உங்கள் பன்னிரண்டு பேருக்கும் ஓராண்டுக் கூலி இந்தக் குதிருக்குள் அடங்க வேண்டும். கோட்டுக்கு மேலே ஒரு மணி நெல் போகக் கூடாது. குதிருக்கு வெளியேயும் ஒரு மணி நெல் கொடுக்கக் கூடாது” என்றான்.

அடுத்த ஆண்டு திட்டு வென்றது. அதற்கடுத்த ஆண்டு வடகரை. மூன்றாம் ஆண்டு தென்கரை. கடைசித் துடுப்பு தண்ணீரில் விழும்வரை வெற்றி யாருக்கு என்று சொல்ல முடியவில்லை. குதிர் தன் வேலையைச் செய்தது. நான் மறுக்கவில்லை.

சனங்கள் திரும்பி வந்தார்கள். பத்து ஊர் தாண்டியும் வந்தார்கள். கரையில் உட்காரக் காசு, கடை போடக் காசு, மாட்டை அவிழ்த்துக் கட்டக் காசு. எல்லாம் துறைத்தலைவர்களுக்குப் போயிற்று. அவர்கள் வீட்டுக்கு முதலில் ஓடு வந்தது. பிறகு மாடி வந்தது. பிறகு வாசலில் யானை வந்து நின்றது. குதிர் மட்டும் அதே குதிர்.

தென்கரை ஓடத்தில் முதல் பலகையில் உட்கார்ந்தவன் எயினன். மூன்று துறையிலும் அவனைப்போல் துடுப்புப் போட ஆள் இல்லை. கடைசிப் பலகையில் சேந்தன். எயினனின் அக்காளைக் கட்டியவன். சுமாரான தோள்தான், ஆனால் பதினாறு ஆண்டுகளாக அந்தப் பலகை அவனுடையது.

தென்கரை வென்றதும் வடகரையார் எயினனைக் கூப்பிட்டார்கள். தங்கள் குதிரில் கால் பங்கு தருவதாக ஆசை காட்டினார்கள். தென்கரைத் தலைவன் பெருந்தேவன் மூன்றில் ஒரு பங்கு தருவதாகச் சொல்லி அவனை நிறுத்திக்கொண்டான். குதிரோ ஒன்றுதான். முதல் பலகைக்குக் கூடினால் கடைசிப் பலகைக்குக் குறைந்துதானே ஆக வேண்டும்? சேந்தனை இறங்கச் சொல்லிவிட்டார்கள். அவன் இடத்தில் அரைக் கூலிக்கு ஒருவன் வருவதாக இருந்தது.

எயினன் அக்காள் வீட்டுக்கு ஓடினான்.

“மூன்றில் ஒரு பங்கா? வயிறு வெடித்துவிடப் போகிறது மாப்பிள்ளை” என்றான் சேந்தன், வலை பின்னியபடியே.

“கேலி பண்ணாதே மச்சான். என் நெல்லில் பாதி இங்கே வந்துவிடும்.”

“வாங்கிக் கொத்தித் தின்ன நான் உன் வீட்டுக் கோழியா? எனக்கு நெல் வேண்டாம். என் பலகை வேண்டும்.”

எயினன் பெருந்தேவனிடம் போனான். “ஐயா, சேந்தன் கூலியை உங்கள் களஞ்சியத்திலிருந்து கொடுங்கள்” என்றான்.

“களஞ்சியத்தில் இல்லையா எயினா? மலைபோல் கிடக்கிறது. கொடுக்க மனசும் இருக்கிறது. அரசர் ஆணை என் கையைக் கட்டிப் போட்டுவிட்டதே” என்றான் பெருந்தேவன். சொல்லும்போது அவனுக்குக் கண்கூடக் கலங்கியது. பாவம்.

“அப்படியானால் எனக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். சேந்தன் பலகையில் உட்காரட்டும்.”

சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல் பெருந்தேவன் அவனை வெகுநேரம் பார்த்தான். பிறகு சரி என்றான்.

சேந்தன் பலகைக்குத் திரும்பினான். அந்த ஆண்டு முழுவதும் எயினன் நிம்மதியாகத் தூங்கினான். நல்ல காரியம் செய்தவன் தூங்கும் தூக்கம்.

அடுத்த தை பிறப்பதற்கு முன்னால் துறைத்தலைவர்கள் மூன்று பேரும் ஒரே ஓடத்தில் ஏறி ஆற்றின் நடுவே போய்ப் பேசினார்கள். அவர்கள் ஒரே ஓடத்தில் ஏறியது அன்றைக்குத்தான்.

தை வந்தது. வடகரையில் சொன்னார்கள்: “எயினனே பன்னிரண்டில் ஒரு பங்குக்குத் துடுப்புப் போடுகிறான். உனக்கு அதில் பாதி போதாதா?” திட்டிலும் அதையே சொன்னார்கள். தென்கரையில் எயினனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே சொன்னார்கள். அவனுக்கும் அந்தப் பாதிதான் என்றார்கள்.

மூன்று குதிர்களிலும் நெல் பாதியோடு நின்றது.

துடுப்புக்காரர்கள் எயினன் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பினார்கள். சேந்தன் திரும்பவில்லை. தன் துடுப்பைக் கொண்டுவந்து எயினன் கையில் கொடுத்தான்.

“இந்த நெல் நாலு பிள்ளைக்கு ஆனி வரைக்கும் வராது மாப்பிள்ளை. நான் வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன்.”

“மச்சான், உனக்காகத்தானே செய்தேன்.”

“தெரியும். நீ கெட்டவனாக இருந்திருந்தால் நான் ஒருவன்தான் போயிருப்பேன்.”

எயினன் அரசனிடம் போய் முறையிட்டான். அரசன் நல்லவன் என்று சொன்னேனே, அன்றே புறப்பட்டு வந்தான். மூங்கில் கோல் ஒன்றை வடகரைக் குதிருக்குள் விட்டு நெல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்தான். திட்டுக் குதிருக்குள் விட்டுப் பார்த்தான். தென்கரைக் குதிருக்குள் விட்டுப் பார்த்தான். மூன்றும் ஒரே ஆழம்.

“கோடு வரைக்கும் ஏன் நிரப்பவில்லை?” என்று தலைவர்களைக் கேட்டான்.

பெருந்தேவன் கும்பிட்டான். “கோட்டைத் தாண்டக் கூடாது என்றுதான் ஆணை மன்னா. கோட்டைத் தொட வேண்டும் என்று ஆணை இல்லை.”

அரசன் எயினனைப் பார்த்தான். “யாராவது கோட்டைத் தாண்டினார்களா?”

“இல்லை மன்னா.”

“ஒரு துறைக்கு அதிகம், ஒரு துறைக்குக் குறைவு என்று இருக்கிறதா?”

“இல்லை.”

“போட்டி சமமாக நடக்கிறதா?”

“நடக்கிறது மன்னா.”

“பிறகு என்ன குறை?”

“தலைவர்கள் வீட்டிலும் ஆளுக்கு ஒரு குதிர் வையுங்கள். அதற்கும் ஒரு கோடு போடுங்கள்” என்றான் எயினன்.

அரசன் நெடுநேரம் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

“தலைவர்கள் துடுப்புப் போடுவதில்லையே எயினா. அவர்கள் எவ்வளவு சேர்த்தாலும் ஓடம் வேகமாகப் போகப் போவதில்லை. போட்டி எப்படிக் கெடும்?”

எயினன் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான். அரசன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்த ஆண்டுப் போட்டியைப்போல் ஒரு போட்டியை யாரும் பார்த்ததில்லை. மூன்று ஓடங்களும் ஒன்றாகவே வந்தன. எயினனின் கடைசி இழுப்பில் தென்கரை ஒரு முழத்தில் வென்றது. சனங்கள் துண்டை வீசி எறிந்தார்கள். அரசன் சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டான்.

எயினன் கரையைத் தேடிப் பார்த்தான். அக்காள் நின்றாள், பிள்ளைகள் நின்றார்கள். சேந்தன் இல்லை. பெருந்தேவனின் யானைக்குத் தழை வெட்டக் காட்டுக்குப் போயிருந்தான். யானைக்குக் குதிர் கிடையாது. எவ்வளவு தின்றாலும் கோடு கிடையாது.

கேட்டவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: உழைப்பவன் கூலிக்கு மட்டும் கோடு போட்டு, அந்த உழைப்பில் சேர்ப்பவன் பெட்டிக்குக் கோடு போடாத சட்டம் போட்டியைச் சமமாக்கும், நியாயமாக்காது.