சங்கிலி சொன்ன சரி

சாத்தையருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. அவருடைய குரு உமையாளுக்கு முப்பத்தைந்துகூட ஆகியிருக்காது. போர்க்களத்தில் காயம் தைத்துப் பேர் வாங்கிய மனிதர், இந்த வயதில் ஒரு பெண்ணிடம் போய் மருந்தரைக்கக் கற்றுக்கொள்கிறாரே என்று கோட்டையில் கேலி பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் நாடி பிடிப்பதை ஒருமுறை பார்த்தவர் யாரும் கேலி பேசமாட்டார்கள்.

அது போர் நடந்த வருடம். எதிரியின் வாளைவிடப் பாசறைக் காய்ச்சல்தான் அதிகம் பேரைக் கொண்டுபோனது. சாத்தையரின் ஒரே மகன் செங்கோடனும் படுத்துவிட்டான். உமையாள் பாஷாணம் சேர்த்து ஒரு புது மருந்து செய்திருந்தாள். அளவு குறைந்தால் பலிக்காது, கூடினால் ஆளையே முடித்துவிடும். சரியான அளவு யாருக்கும் தெரியாது.

தளபதி ஒரு வழி சொன்னார்.

"சிறையில எதிரி நாட்டுக் கைதிங்க இருக்காங்க. ஆளுக்கொரு அளவா கொடுத்துப் பாருங்க. யார் கேக்கப் போறா?"

சாத்தையர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பெற்ற மனம், என்ன செய்யும்.

"ஒத்துக்குங்கம்மா. என் பையன் பிழைக்கணும்."

உமையாள் மருந்து அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை லேசாக நடுங்கியது. தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று சாத்தையர் நினைத்துக்கொண்டார்.

"அம்பு விஷத்துக்கு நாம கொடுக்கிற மருந்துகூட போன போர்ல கைதிங்க மேல சோதிச்சுக் கண்டுபிடிச்சதுதானே? உங்க குருதானே செஞ்சார்? இன்னைக்கும் கொடுக்கிறோமே."

"கொடுக்கிறோம். ஒவ்வொரு தடவையும் முதல் கரண்டியை மண்ணுல ஊத்துறோமே, எதுக்கு?"

"சாமிக்கு." இத்தனை நாளும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் ஊற்றியிருந்தார்.

"சாமிக்கு இல்ல. செத்துப்போன அந்தக் கைதிங்களுக்கு. என் குரு கடைசிக் காலத்துல ஆரம்பிச்சு வெச்சது. வாங்க, சிறைக்குப் போகலாம்."

சிறையில் மீசை நரைத்த ஒரு கைதியின் முன்னால் அவள் மருந்துக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். அவன் காலில் சங்கிலி கிடந்தது.

"இது புது மருந்து. குடிச்சா ஒண்ணும் ஆகாமலும் போகலாம், உயிரும் போகலாம். எனக்கே தெரியாது. குடிக்கிறீங்களா?"

"சரிங்கம்மா."

சாத்தையருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் உமையாள் கிண்ணத்தை நீட்டவில்லை. காவலனைக் கூப்பிட்டுச் சங்கிலியைக் கழற்றச் சொன்னாள். அவன் தயங்கினான்.

"தளபதி கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

சங்கிலி கழன்றது. கைதியை வெளிவாசலுக்கு அழைத்துவந்து, கதவைத் திறக்கச் சொல்லி, அங்கே உட்காரவைத்தாள்.

"வேணாம்னா நீங்க எழுந்து போகலாம். யாரும் பின்னால வரமாட்டாங்க. குடிக்கிறீங்களா?"

அவன் தெருவைப் பார்த்தான். கிண்ணத்தைப் பார்த்தான்.

"வேணாம்மா. ஊர்ல எனக்கு ஒரு மக இருக்கா."

உமையாள் மருந்தை மண்ணில் கொட்டினாள். அவன் எழுந்து மெல்ல நடந்தான், பிறகு வேகமாக நடந்தான்.

சாத்தையருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "முதல்ல சரின்னு சொன்னானே!"

"அது சங்கிலி சொன்னது."

"அப்போ என் பையன்?"

உமையாள் நாக்கை நீட்டிக் காட்டினாள். அது கறுத்திருந்தது. இத்தனை நாளாக, யாரிடமும் சொல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பாஷாணத்தை அவளே குடித்திருக்கிறாள். கை நடுங்கியது தூக்கமில்லாமல் அல்ல. இப்படி ஒருத்தியிடமா வாதாடினோம் என்று சாத்தையருக்குக் கண் நிறைந்தது. அந்த இடத்திலேயே அவள் காலில் விழவேண்டும் போலிருந்தது.

"இந்த அளவு வரைக்கும் என் உடம்பு தாங்குது," என்று இடுப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் கொடுத்தாள். "அவன் உடம்பு தாங்குமா, காய்ச்சல் தீருமா, தெரியாது."

சாத்தையர் அதை வாங்கிக்கொண்டு ஓடினார்.

"பையன்கிட்ட எல்லாத்தையும் சொல்லி, கேட்டுட்டுக் கொடுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "அவன் என் பிள்ளைம்மா. நான் எதைக் கொடுத்தாலும் மறுபேச்சில்லாம குடிப்பான்."

"அதனாலதான் கேக்கச் சொல்றேன்."