வேலாயுதம் இழந்த ஏழு முட்கள்

காட்டாற்றின் கரையில் வேலாயுதம் என்றொரு முள்ளம்பன்றி, மனைவி ரஞ்சிதத்தோடு வசித்து வந்தது. அது எதையும் யோசிக்காமல் செய்யாது. யோசித்த பிறகும் பெரும்பாலும் செய்யாது.

போன மழையில் அவற்றின் வளைக்குள் வெள்ளம் புகுந்தது. கணவனும் மனைவியும் மூன்று நாள் ஒரு பாறைமேல் நின்றன. அந்த மூன்று நாளும், தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்திருக்கும் என்று வேலாயுதம் ஆராய்ந்துகொண்டிருந்தது.

இந்த வருஷம் ரஞ்சிதம் கர்ப்பமாக இருந்தது.

"பாறை மேல நின்னுக்கிட்டுக் குட்டி பெத்துக்க என்னால முடியாது! மழைக்கு முன்னாடி சரிவுல ஒரு வளையைப் பாருங்க!" என்றது அது.

மலைச்சரிவில் ஓர் எறும்புதின்னியின் வளை விலைக்கு வந்திருந்தது. விலை நாற்பது கிழங்கு. அந்தக் காட்டில் எதை வாங்கினாலும் கிழங்குதான் காசு. எறும்புதின்னி கிழங்கைத் தின்னாது. ஆனால் கிழங்கை மொய்க்க வரும் எறும்புகளைத் தின்னும்.

வேலாயுதத்திடம் இருபது கிழங்கு இருந்தது. மீதி இருபதைக் குறைந்த வட்டிக்குக் கொடுப்பதாகக் குளத்து ஆமைகள் ஒப்புக்கொண்டிருந்தன.

தரகு வேலை பார்த்த கீரி, வளையைச் சுற்றிக் காட்டியது. வேலாயுதம் பதினேழு கேள்வி கேட்டது. வாசல் எந்தத் திசை? ஈசானிய மூலையில் வேர் நீட்டிக்கொண்டிருக்கலாமா? மலைப்பாம்பு எப்போதாவது குடியிருந்ததா? கீரி பதினேழுக்கும் பதில் சொன்னது. தன்னைப் போல விவரமானவன் இந்தக் காட்டில் இல்லை என்று வேலாயுதத்துக்குத் தோன்றியது.

"பிடிச்சிருக்கு. நாற்பது தர்றேன். ஓனர்கிட்டச் சொல்லிடுங்க!"

"சொல்லிடலாம் அண்ணே! கடன் யார்கிட்ட?"

"ஆமைங்ககிட்ட."

கீரி விழுந்து விழுந்து சிரித்தது. "ஆமைங்க கிழங்கை உருட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள உங்க குட்டிக்குக் கல்யாணமே ஆயிடும்! கடன் குடுக்கிற நம்ம பெருச்சாளி ஐயாவைப் பாருங்க. அவரைப் பார்க்காம ஓனர்கிட்ட உங்க பேரைக்கூட எடுக்க முடியாது."

"நானே ஓனரைப் பார்த்தா என்ன?"

"ஐயய்யோ! கூச்ச சுபாவம் அண்ணே! புது ஆளைப் பார்த்தா சுருண்டுக்குவார். அப்புறம் பத்து நாளைக்கு விரிய மாட்டார்!"

வேலாயுதத்துக்கு எறும்புதின்னிமேல் அன்பே வந்துவிட்டது. வேலாயுதமும் அப்படித்தான். யார் வந்தாலும் சிலிர்த்துக்கொள்ளும்.

பெருச்சாளியின் வாசலில் முள்ளம்பன்றிகளின் முட்களால் அழகான வேலி கட்டியிருந்தது. நூறு முள்ளாவது இருக்கும். வேலாயுதம் அதன் முன்னால் நின்று யோசித்தது. 'நம் இனத்தார் எத்தனை பேர் இவரை நம்பியிருக்கிறார்கள்!'

பெருச்சாளி எதையும் பொறுமையாகக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டியது.

"இருபது கைவசம், இருபது கடன். சரி. ரொம்ப நெருக்கினா எவ்வளவு வரைக்கும் போவீங்க? சும்மா தெரிஞ்சுக்கத்தான்!"

வேலாயுதத்திடம் இப்படிப் பொறுமையாக யாரும் பேசி வெகுநாளாயிற்று. "என் மச்சான் பாம்புப் புத்துக்கு அடியில பத்து கிழங்கு பதுக்கி வச்சிருக்கான். கேட்டா தருவான்" என்றது.

"ரொம்ப சந்தோஷம்! பார்த்ததுக்கு இரண்டு முள், பேசினதுக்கு மூணு, பதிவுக்கு இரண்டு. ஏழு முள் வச்சுட்டுப் போங்க!"

வேலாயுதம் முதுகைத் திருப்பிக் காட்டியது. ஏழும் பிடுங்கப்பட்டன. வலித்தது. வலித்ததால், பெரிய காரியம் ஏதோ நடந்துவிட்டது போலவும் இருந்தது.

மறுநாள் காலையில் கீரி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"அண்ணே, இன்னொரு பார்ட்டி குறுக்கே வந்துட்டாங்க! நாற்பத்தொன்பது தர்றாங்களாம். நீங்க ஐம்பதுன்னு சொன்னா இன்னிக்கே முடிச்சிடலாம்!"

"ஐம்பதுக்கு நான் எங்க போவேன்?"

"ஏன், புத்துக்கு அடியில மச்சான் வச்சிருக்கிற பத்து எதுக்கு?"

வேலாயுதம் அசந்துபோனது. நேராக ரஞ்சிதத்திடம் போய், "கீரி எவ்வளவு கெட்டிக்காரன் பார்த்தியா! நம்ம குடும்ப விஷயமெல்லாம் விரல் நுனியில வச்சிருக்கான்!" என்றது.

ரஞ்சிதம் மெல்லுவதை நிறுத்தியது.

"என் தம்பி பதுக்கினது கீரிக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலையே. நான் பெருச்சாளிகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"பெருச்சாளி வளை எங்க இருக்கு?"

"மண்மேட்டுக்கு அந்தப் பக்கம்."

"கீரி வளை?"

"மண்மேட்டுக்கு இந்தப் பக்கம்."

"எத்தனை மண்மேடு?"

வேலாயுதம் வெகுநேரம் யோசித்தது. "ஒண்ணுதான்" என்றது.

"பதினேழு கேள்வி கேட்டீங்களே! வாசல் இரண்டா இருக்கே, வீடும் இரண்டான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பதினெட்டாவது கேள்வி அதுவாகத்தான் இருந்திருக்கும் என்று வேலாயுதம் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தது. முதுகில் ஏழு இடத்தில் சுரீரென்றது.

ரஞ்சிதம் வயிற்றைத் தூக்கிக்கொண்டு மலைச்சரிவை நோக்கி நடந்தது. வேலாயுதம் பின்னாலேயே போனது. அவற்றைக் கண்டதும் எறும்புதின்னி உண்மையிலேயே பந்தாகச் சுருண்டுகொண்டது.

'கீரி அதிலாவது பொய் சொல்லவில்லை!' என்று வேலாயுதம் வீட்டுக்குத் திரும்பக் கிளம்பியது. ரஞ்சிதம் பந்தின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"ஐயா, சுருண்டபடியே கேளுங்க. இந்த வளைக்கு நாற்பது கிழங்கு தர்றோம்."

பந்து சட்டென்று விரிந்தது. "நாற்பதா? இதுவரைக்கும் ஒரு ஈ காக்கா கேக்கலைன்னு கீரி சொன்னானே! முப்பதுக்கு இறங்குன்னு என் உயிரை எடுக்கிறானே!"

"எங்ககிட்ட ஐம்பது கேட்டான்!"

"அடப்பாவி! நடுவுல இருபதை அவனே முழுங்கப் பார்த்திருக்கான்!" என்றது எறும்புதின்னி.

வேலாயுதத்துக்கு மனசு இளகிவிட்டது. "பாவம், உங்களை ரொம்ப அலைக்கழிச்சிருக்கான். வேணும்னா என் மச்சான்கிட்ட இன்னும் ஒரு பத்து..." என்று ஆரம்பித்தது.

ரஞ்சிதம் அதன் காலை மிதித்தது. நாற்பதுக்கே பேச்சு முடிந்தது.

ஆமைகள் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்குக் கிழங்குகளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தன. மழை பிடித்த அன்று ரஞ்சிதம் காய்ந்த தரையில் இரண்டு குட்டி ஈன்றது.

மழை விட்டதும், வேலாயுதம் தன் முட்களைத் திருப்பிக் கேட்கப் போனது. "கட்டினது கட்டினதுதான்!" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தது பெருச்சாளி.

திரும்பும்போது வேலி கண்ணில் பட்டது. வேலிக் கடைசியில் ஏழு முள் புதிதாக மின்னின. அதன் முன்னால் ஒரு முள்ளம்பன்றித் தம்பதி நின்றுகொண்டிருந்தது.

"எத்தனை பேர் நம்பியிருக்காங்க பாரேன்!" என்றது கணவன்.

வேலாயுதம் யோசித்தது. சொன்னால் தன் முட்டாள்தனம் காடு முழுக்கத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் வேலி நீளும். அதன் வாழ்க்கையில் அவ்வளவு சீக்கிரம் எந்த யோசனையும் முடிந்ததில்லை. அது திரும்பி, தன் முதுகின் வழுக்கையைக் காட்டியது.

"அந்தக் கடைசி ஏழும் என்னுது!"

அவை வழுக்கையைப் பார்த்தன. வேலியைப் பார்த்தன. வந்த வழியே திரும்பி நடந்தன.

விற்பவனுக்காகப் பேசும் தரகன் காட்டிவிடுகிற இடத்தில் கடன் கேட்டு உன் கையிருப்பைச் சொன்னால், உன் வீட்டின் விலையை நீயே ஏற்றிவிடுகிறாய்.