உப்புத்தண்ணீர்க் குப்பி

டாக்டர் மாசிலாமணிக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருக்கு ஆராய்ச்சி வழிகாட்டியான பேராசிரியர் ரஹ்மத் நிஷாவுக்கு நாற்பதுதான். குழந்தை வைத்தியத்தில் ஊரே பேர் சொல்லும் மனிதர் இந்த வயதில் போய் மாணவராகச் சேர்ந்தாரே என்று சிரித்தவர்கள் உண்டு. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்கு மற்றவரோடு பேசிப் பழகுவது சிரமம். ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை மூக்கில் அடித்தால் அந்தச் சிரமம் குறையுமா என்பதுதான் ஆராய்ச்சி. பாதிக் குப்பிகளில் மருந்து, மீதியில் வெறும் உப்புத்தண்ணீர். எது யாருக்குப் போனது என்று கடைசிவரை டாக்டருக்கும் தெரியாது.

பஸ் கண்டக்டர் இசக்கிமுத்துவின் மகள் தாரணிக்கும் ஒரு குப்பி போனது. பன்னிரண்டு வயதுப் பெண். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. இரண்டு மாதத்தில் அவளாகவே வந்து அப்பாவிடம் ஊரிலுள்ள தண்ணீர்த் தொட்டிகளைப் பற்றி விலாவாரியாகப் பேச ஆரம்பித்தாள். அதைக் கேட்ட அன்று மாசிலாமணி வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னார்.

நேற்று ரகசியத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். மருந்து பலித்ததா இல்லையா என்று மொத்தத்தில் ஒன்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை. தாரணியின் குப்பியில் இருந்தது உப்புத்தண்ணீர்.

அது தெரியாமல் இன்று காலையிலேயே இசக்கிமுத்து வந்துவிட்டார். "இன்னொரு குப்பி மட்டும் குடுங்க சார். அது நின்னுட்டா எம்மவ பழையபடி ஆயிருவா" என்றார். மாசிலாமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருங்கள் வருகிறேன் என்று அவரைக் கீழே உட்காரவைத்துவிட்டு, மாடியிலுள்ள நிஷாவின் அறைக்குப் போனார்.

"உப்புத்தண்ணி எப்படி மேடம் வேலை செஞ்சுது?"

குப்பி கொடுக்கும்போது பெற்றோருக்கு என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்று நிஷா கேட்டார். அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தபடியே மாசிலாமணி சொன்னார். காலையில் அடித்துவிட்டு, மருந்து ஏறும்வரை அரை மணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் சும்மா உட்கார வேண்டும், ஒன்றும் கேட்கக் கூடாது, பேசவைக்கக் கூடாது. அந்த விதியை எழுதியது அவரேதான்.

"அதுக்கு முன்னாடி இசக்கிமுத்து எப்படி?"

"ஓயாம கேள்வி கேப்பாரு. இது என்ன கலர், அப்பா பேரு என்னன்னு. நாங்கதான் அப்படிப் பழக்கச் சொல்லியிருந்தோம்." சொல்லும்போதே மாசிலாமணிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஆனா எல்லா வீட்டுலயும்தானே சும்மா உக்காந்தாங்க? எல்லாப் பிள்ளையும் பேசலையே."

"பேசலதான். ஒரு பிள்ளைய வச்சு நான் எதையும் முடிவா சொல்ல மாட்டேன்."

நிஷா கம்ப்யூட்டரை அணைத்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு மாசிலாமணியின் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

மாசிலாமணி பதிலுக்குக் காத்திருந்தார். முதலில் எரிச்சல் வந்தது, கீழே ஒருவர் தவித்துக்கொண்டிருக்கும்போது இதென்ன விளையாட்டு என்று. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எரிச்சலும் அடங்கிவிட்டது.

"அவர் ஏமாந்துட்டோம்னு நினைப்பாரேன்னு இல்ல மேடம்," என்றார் மெதுவாக. "எனக்கு வெக்கமா இருக்கு. அந்தப் பிள்ளை பக்கத்துல ஒரு கேள்வி இல்லாம நான் ஒரு நாளும் உக்காந்ததில்ல. எந்தப் பிள்ளை பக்கத்துலயும் உக்காந்ததில்ல. எம்மவன் பக்கத்துலகூட."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மகனைப் பற்றிய இந்த வருத்தத்தை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. நிஷா அப்போதும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையெல்லாம் எதுக்கு உங்ககிட்ட சொன்னேன்னே தெரியல," என்றார் மாசிலாமணி.

"எனக்கும் தெரியல, டாக்டர். உங்க மூக்குல நான் ஒண்ணும் அடிக்கலையே."