அரிசி டின்னுக்குள் ஒயர்

ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. உள்ளே ஒரு வருடத்துப் பாடங்கள் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

பாடங்கள் என்றால் குரல். உடுமலைப்பேட்டையில் திருமூர்த்தி என்று ஒரு பள்ளி ஆசிரியர். கண் தெரியாத பிளஸ் டூ பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்திருந்தார். எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாகக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தார். அது அவர் புத்தி. பரீட்சை நெருங்கிவிட்டது. பிள்ளைகளிடம் ஒன்றுமில்லை.

செத்த டிஸ்க்கிலிருந்து உள்ளதை எடுத்துத் தருகிறவர் கோயம்புத்தூரில் பல்கீஸ். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். எல்லோருக்கும் டீச்சர். அவரிடம் தொழில் கற்க வந்திருந்தார் சற்குணம். டீச்சரைவிட வயதில் மூத்தவர். இருபது வருடம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவர். அதுதான் தொல்லை.

திருமூர்த்தி மனைவியோடு வந்தார். அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். மனைவி வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சுங்க?" என்றார் பல்கீஸ்.

"டக் டக்குன்னு சத்தம் வந்துச்சுங்க. ஆன் ஆகலை. நிறுத்திட்டுத் திரும்பப் போட்டேன். மறுபடியும் சத்தம்."

"அப்புறம்?"

"அப்புறத்தை அந்தம்மாகிட்டக் கேளுங்க."

பல்கீஸ் ஸ்டூலைப் பார்த்தார்.

"பிளக்கைப் புடுங்கிட்டனுங்க" என்றார் மனைவி.

"ஷட்டவுன்கூடப் பண்ணாம!" திருமூர்த்தி டீச்சரிடம்தான் சொன்னார். "படக்குன்னு புடுங்கினா டிஸ்க் என்னத்துக்கு ஆகும்? நீங்களே சொல்லுங்க."

"ஏன்மா புடுங்கினீங்க?"

"வருசம் பூரா இவரு படிக்கறப்ப மிக்சி போடக் கூடாது, ஃபேன் போடக் கூடாது, தும்மக் கூடாதுங்க. அப்பேர்ப்பட்ட வீட்டுல திடீர்னு ஒரு சத்தம். பல்லை நறநறன்னு கடிக்கறாப்ல. எனக்கு அது நல்ல சத்தமாத் தெரியலீங்க."

"அவர் திரும்பப் போடலையா?"

"போடத்தான் வந்தாருங்க. ஒயரைக் கழட்டி ஒளிச்சு வெச்சுட்டேன்."

"எங்கே?"

"அரிசி டின்னுக்குள்ள."

சற்குணம் சிரித்துவிட்டார். திருமூர்த்தி சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை போட விட்டிருந்தா வந்திருக்கும்ங்க. அன்னிக்கே காப்பி எடுத்திருப்பேன். அத்தனை பிள்ளைங்க வாழ்க்கை. கெடுத்தது யாருன்னு ஊருக்கே தெரியும்."

"அன்னிக்கிருந்து எங்கூடப் பேசறதில்லீங்க" என்றார் மனைவி. "சோறு போட்டா மட்டும் வாய் திறக்குது."

பல்கீஸ் டிஸ்க்கை வாங்கிக்கொண்டார். "பாக்கறேன். வரும்னு சொல்ல மாட்டேன்."

அவர்கள் போனதும், தூசி புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து டிஸ்க்கைத் திறந்தார். உள்ளே பதிவுகள் இருக்கிற தட்டு பளபளவென்று இருந்தது. டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்தார்.

"கீறல் இல்லை. ஹெட் மட்டும்தான் போயிருக்கு."

தட்டைத் தொடாமல், அதன்மேல் மிதந்து படிக்கிற முனைதான் ஹெட். அது கெட்டால், அதே மாடல் டிஸ்க் இன்னொன்று தேடி, அதிலிருந்து எடுத்து மாற்ற வேண்டும்.

"டீச்சர், எனக்கு எப்ப ஹெட் மாத்தக் கத்துத் தருவீங்க?"

"கை வைக்காம இருக்கக் கத்துக்கிட்டீங்களா?"

"அதுல கத்துக்க என்ன இருக்கு?"

"அப்போ இன்னும் இல்லை." பல்கீஸ் டிஸ்க்கை மூடினார். "அதே மாடல் கிடைக்குதான்னு பாத்துட்டு வரேன். இதைத் தொடாதீங்க."

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மீட்டதைப் புது டிஸ்க்கில் போட்டுக் கொடுக்கும்போது, மேலே ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, மீட்டவர் பெயரை மார்க்கரில் எழுதுவார்கள். பிற்பாடு தகராறு வந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமே. சற்குணம் வந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஒரு டேப்பிலும் அவர் பெயர் இல்லை.

அவர் டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெட் என்கிறார் டீச்சர். டிஸ்க்கின் அடியில் இருக்கிற சர்க்யூட் போர்டு கோளாறாகவும் இருக்கலாமே. இருபது வருடத்தில் அப்படி எத்தனை பார்த்தாயிற்று. அலமாரியில் அதே போர்டு ஒன்று கிடந்தது. எடுத்து மாட்டினார். ஓடிவிட்டால் டீச்சர் வருவதற்குள் பாடங்கள் வந்துவிடும்.

ஒரே ஒரு தடவை என்று கரண்ட் கொடுத்தார்.

டக். டக். டக்.

பிறகு மெல்லிசாக ஒரு உரசல். என்ன சத்தம் என்று காதைக் கிட்டே கொண்டுபோனார்.

சத்தம் நின்றது. நிமிர்ந்தார். பல்கீஸ் நின்றிருந்தார். ஒரு கையில் வாங்கி வந்த டிஸ்க். இன்னொரு கையில் பிளக்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மறுபடியும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் திறந்து டார்ச் அடித்தார்.

"குனிஞ்சு பாருங்க. என்ன தெரியுது?"

"என் மூஞ்சி."

"அதுக்குக் குறுக்க?"

மயிரிழை மாதிரி ஒரு கோடு. ஓரத்தில் கருந்தூள். காலையில் அது இல்லை.

பல்கீஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

"உக்காருங்க. இப்ப ஹெட் மாத்தறேன். பாருங்க. கை வைக்காதீங்க."

மாற்றினார். நகல் எடுக்கும் மிஷினில் போட்டார். கீறலுக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் மிஷினை அந்த இடத்தைத் தாண்டவிட்டார். இன்னும் கொஞ்சம் ஓடினால் அதுவும் வருமே என்று சற்குணத்துக்குக் கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாட்கள் போயின. பல்கீஸ் அந்தக் கைகளைப் பார்த்தார்.

ஒரே ஒரு பாடம் வரவில்லை. மற்றதெல்லாம் வந்துவிட்டது.

திருமூர்த்தியும் மனைவியும் மறுபடி வந்தார்கள். அவர் மேஜைக்கு எதிரே. மனைவி அதே ஸ்டூலில்.

பல்கீஸ் ஒரு பாடத்தை ஓடவிட்டார். திருமூர்த்தியின் குரல் கடைக்குள் நிதானமாக வரலாறு வாசித்தது. திடீரென்று குக்கர் விசில். "அடியே, எத்தனை தடவை சொல்றது!" என்றது அதே குரல்.

திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். "அதை வெட்ட மறந்துட்டனுங்க."

"இருக்கட்டுங்க" என்றார் மனைவி. "பிள்ளைகளும் கேக்கட்டும்."

சற்குணம் எழுந்து நின்றார்.

"சார், ஒரு பாடம் போயிருச்சுங்க. அது உங்க வீட்டுல போகலை. இங்க போச்சு. டீச்சர் தொடாதேன்னாங்க. நான் கரண்ட் குடுத்தேன். தட்டுல கீறல் விழுந்துருச்சு."

"எதுக்குங்க குடுத்தீங்க?"

"ஒரே ஒரு தடவை போட்டா வந்துரும்னு நெனச்சனுங்க."

திருமூர்த்தி வாசலோரம் திரும்பிப் பார்த்தார். மனைவி கூரையில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க புடுங்கினப்ப எதுவும் ஆகலையா?" என்று கடைசியில் கேட்டார் திருமூர்த்தி.

"வந்த அன்னிக்கே திறந்து பாத்தோம்" என்றார் பல்கீஸ். "ஒரு கீறல் இல்லை. திரும்பப் போட்டிருந்தா அங்கயே விழுந்திருக்கும்."

திருமூர்த்தி கொஞ்ச நேரம் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"போன பாடத்தை இன்னிக்குச் சாயங்காலமே படிச்சுர்றேங்க" என்றார்.

"படிக்கட்டுங்க" என்றார் மனைவி, டீச்சரிடம். "மிக்சி போட மாட்டேன்."

பல்கீஸ் புது டிஸ்க்கின்மேல் வெள்ளை டேப்பை ஒட்டி, சற்குணத்தின் பக்கம் தள்ளினார். மார்க்கரையும் கொடுத்தார்.

"எழுதுங்க."

"உங்க பேர்தானே, டீச்சர்?"

"நான் எடுத்தேன். எடுக்கறதுக்கு மிச்சம் வெச்சது யாரு?"

சற்குணம் மார்க்கர் மூடியைக் கழற்றினார். வாசல் பக்கம் திரும்பினார்.

"உங்க பேர் என்னங்கம்மா?"

மனைவி பதில் சொல்ல வாய் திறந்தார். பல்கீஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க சொல்ல வேண்டாம்மா. அவர் சொல்லட்டும்."

திருமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். பாடம் வாசிக்கிற அதே குரலில், ஒவ்வோர் எழுத்தும் காதில் விழும்படி சொன்னார்.

"துளசிமணி."