அம்பலராயரின் நனைந்த தலைப்பாகை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்கோட்டை என்ற ராச்சியத்தை வேல்மார்பன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நாட்டை ஆண்டார் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. இந்தக் கதை நடந்த எட்டு நாளும் அவர் ஆண்டது தம் படுக்கையறைச் சுவரை மட்டும்தான்.

சுவருக்கு வண்ணம் பூச வந்த மாசாணம், சுண்ணாம்பில் நீலமும் பச்சையும் கலந்து, ராஜா பார்க்கட்டும் என்று காலையில் ஒரு பட்டை இழுத்தான். ராஜா வரக் காணோம். மத்தியானம் அதே சட்டியிலிருந்து பக்கத்திலேயே இன்னொன்று இழுத்தான். அப்போது பார்த்து ராஜா வந்துவிட்டார்.

"ஒன்று குளத்து நீர், ஒன்று மயில்கழுத்து! எதை எடுப்பது?"

"ரெண்டும் ஒண்ணுதான் சாமி. இது ஈரம், அது காஞ்சது."

யார் காதில் வாங்கினார்கள்? மயில்கழுத்து என்றார் ராஜா. பூசினான். மறுநாள் பார்த்தால் குளத்து நீர். "சரி, அதுவே இருக்கட்டும், இன்னொரு பூச்சு பூசு" என்றார். பூசி முடித்ததும் ஓடிவந்து பார்த்தால் மயில்கழுத்து! எட்டு நாள், எட்டுப் பூச்சு. ராஜா பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவார், பாதி வழக்கில் எழுந்து ஓடுவார். சுண்ணாம்பு தின்ற விரல்களோடு மாசாணமும் பின்னால் ஓடினான்.

இந்த வேலையைத் தம் மைத்துனனுக்குக் கேட்டுக் கிடைக்காத வயிற்றெரிச்சல் அரண்மனை அதிகாரி அம்பலராயருக்கு. எட்டாம் நாள் சபையில் எழுந்தார். "சட்டியை மாற்றுகிறான் மகாராஜா! காய்ந்தால் வெளுக்குமாம், நம் காதில் பூ சுற்றுகிறான். கட்டைவிரலை வெட்டினால் புத்தி வரும்."

"வெட்டுங்கள்!" என்றார் ராஜா, நடந்துகொண்டே.

கட்டைவிரல் போனால் மாசாணம் சுண்ணாம்பு பூசும் மட்டையை எப்படிப் பிடிப்பான்?

மந்திரி நல்லாதன் எழுந்தார். செம்புத் தண்ணீரை அப்படியே அம்பலராயரின் நீலப்பச்சைத் தலைப்பாகையில் கவிழ்த்தார்.

"திருட்டைப் பார்த்தீர்களா மகாராஜா! குளத்து நீர் நிறத்தில் தலைப்பாகை கட்டி வந்தவர், உங்கள் கண்ணெதிரிலேயே மயில்கழுத்துக்கு மாற்றிவிட்டார். இவர் விரலையும் சேர்த்து வெட்டலாமா?"

"ஐயோ, அதே துணிதான் பிரபு! ஈரத்தில் கறுத்திருக்கிறது. காய்ந்தால் பழையபடி வெளுத்துவிடும்!"

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே உறைத்தது. சபை கொல்லென்று சிரித்தது.

ராஜா நடையை நிறுத்தினார். "காயட்டும், பார்ப்போம்."

அம்பலராயர் தலைப்பாகையோடு முற்றத்து வெயிலில் நின்றார். எதிரே படிக்கட்டில் ராஜா உட்கார்ந்தார். எட்டு நாளில் அவர் ஓரிடத்தில் உட்கார்ந்தது அன்றுதான். துணி வெளுக்க வெளுக்க அவர் மனமும் அடங்கியது. வெட்கத்தோடு தம் மோதிரத்தைக் கழற்றி, மாசாணத்தின் கட்டைவிரலில் தாமே மாட்டிவிட்டார். பாதி மந்திரிக்குச் சேரவேண்டியது என்று மாசாணம் சொன்னதற்கு நல்லாதன் சிரித்ததோடு சரி.

அடுத்து ராணியின் அறை. சட்டி சுமக்கும் வேலை அம்பலராயருக்கு.

"நிறம் எப்படி ராயரே?" என்றார் ராஜா.

"காயட்டும் மகாராஜா" என்றார் அவர்.